'கெட்' என்ற சொல்லுக்கு வலப்பக்கம் பாருங்கள்

'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள், அதற்குப் பதிலாகப் போடக்கூடிய சொற்களைப் பட்டியலாகத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே உங்கள் அமெரிக்க மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலையும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்: 'ஐ ஹேவ் காட்டன் தி அப்ரூவல். ஐ டோன்ட் கெட் ஒய் தி ஷிப்மென்ட் காட் டிலேய்ட். ப்ளீஸ் கெட் தெம் டு சென்ட் இட் பிஃபோர் திங்ஸ் கெட் வொர்ஸ், அண்ட் கெட் பேக் டு மீ.' மூன்று வாக்கியத்தில் ஆறு இடத்தில் ஒரே சொல். இதைப் படித்துவிட்டுத் தலை சுற்றியதாக எழுதியிருந்தீர்கள், சுற்றாமல் என்ன செய்யும். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது பட்டியல்தானா என்று எனக்குச் சந்தேகம். இந்தச் சொல் ஒரு வாக்கியத்தில் வந்தால் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது, நாமே எழுதும்போது எங்கே அதை விட்டுவைப்பது, எங்கே மாற்றுவது, இதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன், இப்போது மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன். இந்த ஒரு சொல்லுக்காக நான் செலவழித்த சிவப்பு மை கொஞ்சமில்லை.

முதலில் எண்ணிக்கையை முடித்துவிடலாம். எத்தனை பொருள் என்பது எந்த அகராதி என்பதைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள் போட்டிருந்தார்கள், அந்த ஒரு சொல்லின் விளக்கமே சுமார் 60,000 வார்த்தை. பிறகு 2011-இல் அதே அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள் கண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. 'கெட்' இதே கூட்டத்தைச் சேர்ந்த சொல்தான். இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். நம் 'பிடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், குடை பிடிக்கிறோம், குழந்தை அடம் பிடிக்கிறது, சளி பிடிக்கிறது, இரும்பில் துரு பிடிக்கிறது, சம்பளத்தில் பணம் பிடிக்கிறார்கள், அப்புறம் ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப் போகிறது. இதில் எத்தனை பொருள் என்று யாராவது கேட்டால் உங்களால் எண்ணிச் சொல்ல முடியுமா? ஆனால் ஒன்றைக்கூட நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டீர்கள். பக்கத்தில் மீன் இருக்கிறதா, பஸ் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்பதே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலேயர் காதுக்கு 'கெட்' அப்படித்தான் கேட்கிறது.

சொல்லின் பூர்வீகத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், பிற்பாடு உதவும். 'கெட்' இங்கிலாந்தில் பிறந்த சொல் இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து அங்கே வந்து குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்று இருந்தது. 'டேக்', 'எக்', 'ஸ்கை', 'விண்டோ', ஏன், 'தே' என்ற பிரதிப்பெயர்கூட அந்த வழியில் வந்ததுதான். பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவு இருந்தது, ஆனால் தனியாக நிற்காமல் 'ஃபர்கெட்', 'பிகெட்' போன்ற கூட்டுச் சொற்களுக்குள் ஒட்டிக்கொண்டு இருந்தது. இன்னும் பின்னால் போனால், கையால் பற்றுவது என்ற பொருளுள்ள மிகப் பழைய வேர் ஒன்று. அதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததுதான் 'காம்ப்ரிஹென்ட்'. பேச்சில் 'ஐ கெட் இட்' என்பதும், பரீட்சைத் தாளில் 'காம்ப்ரிஹென்ஷன்' என்று வருவதும் தூரத்துச் சொந்தம். கையால் பற்றுவது மனத்தால் பற்றுவதாக மாறிவிட்டது. இது நமக்கு அந்நியமே இல்லை. 'கணக்கு இன்னும் பிடிபடவில்லை' என்று நாம் சொல்வது அச்சு அசலாக அதே மாற்றம்தான்.

சரி, தமிழ் பேசுகிற நமக்கு மட்டும் இந்தச் சொல் ஏன் இவ்வளவு வழுக்குகிறது? என் அனுபவத்தில் காரணம் ஒன்றுதான். தமிழில் ஒரு காரியத்தை நாம் முயன்று செய்தோமா, அது நம்மிடம் தானாக வந்ததா என்பதை வாக்கியத்தின் அமைப்பிலேயே பிரித்துவிடுகிறோம். 'நான் வாங்கினேன்' என்றால் என் செயல். 'எனக்குக் கிடைத்தது' என்றால் அது வந்தது, நான் அது வந்து சேர்ந்த இடம். 'எனக்கு வேலை கிடைத்தது', 'எனக்குக் காய்ச்சல் வந்தது', 'எனக்குக் கோபம் வந்தது', 'எனக்குப் புரிந்தது', இந்த 'எனக்கு' வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலம் 'ஐ' என்று தொடங்கி, நடுவில் 'காட்' என்று போட்டு முடித்துவிடுகிறது. 'ஐ காட் எ ஜாப்', 'ஐ காட் எ ஃபீவர்', 'ஐ காட் ஆங்ரி', 'ஐ காட் இட்'. அங்கே 'ஐ' ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் எழுவாயாக உட்கார்ந்திருக்கிறது. நம் நான்காம் வேற்றுமை செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் செய்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் வகுப்பில் முதல் நாளே இதைத்தான் சொல்வேன்: தமிழில் 'எனக்கு' என்று தொடங்கத் தோன்றும் இடத்தில் ஆங்கிலத்தில் 'கெட்' சரிப்படுமா என்று பாருங்கள்.

இனி வாசிக்கும்போது செய்ய வேண்டியது. 'கெட்'டைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், அதற்கு வலப்பக்கம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பொருளைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. வலப்பக்கம் ஒரு பொருளின் பெயர் நின்றால் கிடைப்பது, வாங்குவது, பெறுவது, போய் எடுத்து வருவது இவற்றில் ஒன்று. இந்த நான்கில் எது என்பதைச் சூழல் சொல்லும். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது, 'ஐ காட் எ ஷர்ட்' என்றால் அநேகமாகச் சட்டை வாங்கினேன், பரிசாக வந்த சட்டையாகவும் இருக்கலாம், 'கெட் மி சம் வாட்டர்' என்றால் தண்ணீர் எடுத்துக்கொண்டு வா.

வலப்பக்கம் ஒரு பண்பு நின்றால் 'ஆகு'. டயர்டு, டார்க், கோல்டு, ஓல்டு. இங்கே 'பிகம்' போடலாம், ஆனால் பேச்சில் அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒரு எல்லை உண்டு. பண்புக்கு முன்னால்தான் 'கெட்' ஆகும், ஒரு தொழிலுக்கோ பதவிக்கோ முன்னால் ஆகாது. 'ஷி பிகேம் எ டாக்டர்' என்றால் அவள் டாக்டர் ஆனாள். அதையே 'ஷி காட் எ டாக்டர்' என்று எழுதினால் அவள் ஒரு டாக்டரை அழைத்து வந்தாள் என்று ஆகிவிடும். இந்த இரண்டு சொல்லிலும் இடறுபவர்கள் நாம் மட்டும் இல்லை. ஜெர்மன் மொழியில் 'பெகோமன்' என்றால் கிடைப்பது, பெறுவது. அதனால் ஆங்கிலம் பழகும் ஜெர்மானியர்கள் உணவகத்தில் எனக்கு ஒரு ஸ்டேக், அதாவது வாட்டிய இறைச்சித் துண்டு, வேண்டும் என்று சொல்ல நினைத்து 'பிகம்' போட்டு, நான் ஒரு ஸ்டேக் ஆகிறேன் என்று சொல்லிவிடுவது ஆங்கில ஆசிரியர்களிடையே ரொம்பப் பிரபலமான உதாரணம். இன்னொன்று, 'ஆகு' வருகிற எல்லா இடத்திலும் 'கெட்' வராது. பால் கெட்டுப்போனால் 'வென்ட் பேட்', இலை மஞ்சளானால் 'டர்ன்டு யெல்லோ', தூங்கிவிட்டால் 'ஃபெல் அஸ்லீப்'. இவற்றுக்குப் பெரிய விதி ஏதும் இல்லை, பழகித்தான் வர வேண்டும்.

வலப்பக்கம் இடம் நின்றால் போய்ச் சேர்வது, ஏறுவது, இறங்குவது. 'ரீச்' போட்டால் 'டு' வேண்டாம், 'கெட்' போட்டால் ஊர்ப் பெயருக்கு முன் 'டு' வேண்டும், 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' என்றால் வேண்டாம். பஸ், ரயில் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. நம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு 'கெட் டவுன்' என்கிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், நூறு பேர் சொல்வதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனிலோ சிகாகோவிலோ அதைக் கேட்பவருக்கு மேசை மேல் ஏறி நிற்கும் குழந்தையைக் கீழே இறங்கச் சொல்வதுபோல, அல்லது குனிந்துகொள் என்று எச்சரிப்பதுபோல இருக்கும்.

வலப்பக்கம் வினையின் மூன்றாம் வடிவம் நின்றால், அதாவது 'காட்' (இது 'கேட்ச்' என்பதன் மூன்றாம் வடிவம்), 'ஸ்கோல்டட்', 'டிலேய்ட்' போல, அது செயப்பாட்டு வினை. நம் 'வாங்கு', 'படு', 'மாட்டு' செய்கிற வேலை இது. 'திட்டு வாங்கினேன்' என்பதற்கு 'ஐ காட் ஸ்கோல்டட்' என்பதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் கிடையாது. 'மாட்டிக்கொண்டான்' என்றால் 'ஹி காட் காட்'. இங்கே 'வாஸ்' போட்டாலும் தகவல் அதேதான். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? உறுதியாகச் சொல்லக்கூடியது, 'கெட்' பேச்சு நடை, 'வாஸ்' எழுத்து நடை. அதற்கு மேல் இலக்கண ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 'கெட்' வந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்ட சம்பவத்துக்குத்தான் வரும் என்று சிலர் சொல்வார்கள். 'காட் ஃபயர்டு', 'காட் ராப்டு' என்று பார்த்தால் பொருந்துகிறது, 'காட் ப்ரமோட்டட்', 'காட் செலக்டட்' என்று வரும்போது பொருந்தவில்லை. ஆகவே இதை ஒரு சாய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள், விதியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் கொஞ்சம் நிற்க விரும்பும் இடம், ஏனென்றால் அலுவலகத்தில் இதனால்தான் உண்மையான தகராறு வருகிறது. அடுத்தவரை ஒரு வேலை செய்ய வைப்பதற்கு ஆங்கிலத்தில் நாலு வழி இருக்கிறது. கையெழுத்துப் போட வைப்பதையே எடுத்துக்கொள்வோம். 'மேக் ஹிம் சைன்' என்றால் அவருக்கு வேறு வழி இல்லாமல் செய்வது, கட்டாயம் தொனிக்கிறது. 'ஹேவ் ஹிம் சைன்' என்றால் உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, சொன்னால் நடக்கும், ஏற்பாடு செய்யுங்கள் என்று அர்த்தம். 'லெட் ஹிம் சைன்' என்றால் அனுமதிப்பது. 'கெட் ஹிம் டு சைன்' என்றால் எப்படியாவது பேசி, சம்மதிக்க வைத்து, வாங்கிவிடுங்கள் என்று. இதில் மட்டும்தான் 'டு' வருகிறது, எதிராளி லேசில் அசைய மாட்டார் என்ற குறிப்பும் பெரும்பாலும் அதோடு சேர்ந்து வருகிறது. தமிழில் நான்கையும் 'கையெழுத்துப் போட வை', 'போடச் சொல்', 'போட விடு', 'பேசிக் கையெழுத்து வாங்கு' என்று பிரிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் 'மேக்' போட்டுவிடுகிறார்கள், அதைப் படிக்கிற வாடிக்கையாளருக்கு மிரட்டுகிற மாதிரி இருக்கிறது. ஒரு கடிதத்தில் இந்த ஒரு சொல்லை மாற்றியதும் மொத்தக் கடிதமும் மரியாதையாகிவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு அமைப்பு. 'ஐ காட் மை பைக் ரிப்பேர்டு', 'ஐ காட் மை ஹேர் கட்'. வேலையைச் செய்தது மெக்கானிக், முடி வெட்டியது கடைக்காரர். தமிழில் 'நேற்று முடி வெட்டினேன்' என்றாலே கடையில் வெட்டிக்கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆங்கிலத்திலும் 'ஐ கட் மை ஹேர்' என்று எழுதிவிடுகிறோம். அது கத்தரிக்கோலைத் தானே எடுத்து வெட்டிக்கொண்டதாகத் தொனிக்கலாம். 'வெட்டிக்கொண்டேன்' என்பதில் உள்ள அந்தக் 'கொண்டேன்'தான் இங்கே 'காட்'.

'டு' என்ற சொல்லோடு ஒரு வினை நின்றால் வாய்ப்பு. 'ஐ காட் டு மீட் ஹெர்' என்றால் அவரைச் சந்திக்க வாய்த்தது. 'பார்க்கக் கிடைத்தது' என்று இலங்கைத் தமிழர்கள் அழகாகச் சொல்வார்கள், கிட்டத்தட்ட அதுவே. ஆனால் 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்' என்றால் சந்தித்தே ஆக வேண்டும், அது கடமை. ஒரு 'ஹேவ்' உள்ளே வந்ததும் வாய்ப்பு கடமையாக மாறிவிடுகிறது. பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து 'காட்டா' என்று மட்டும் காதில் விழும், அங்கே கவனம் வேண்டும்.

உங்கள் மேலாளர் எழுதிய 'காட்டன்' பற்றி. இது தவறு, 'காட்' என்றுதான் இருக்க வேண்டும் என்று நம் பள்ளிகளில் பல ஆசிரியர்கள் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அது தவறில்லை. சொல்லப்போனால் அதுதான் பழைய வடிவம், 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் பிரிட்டனில் அது வழக்கொழிந்தது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. பிரிட்டனிலும் 'ஃபர்காட்டன்' இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நுணுக்கமும் காட்டுகிறார்கள்: 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன், எனக்குக் கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷ்காரருக்கு இரண்டுமே 'காட்'தான். நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் வழக்கப்படி எழுதுங்கள், ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம் 'கெட்'டுக்குப் பதிலாகப் போடும் சொற்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் என் ஆசிரியர்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன், 'கெட்' வேண்டாம், 'அப்டெய்ன்' போடுங்கள் என்று. அடுத்த வாரம் ஒரு மாணவி விடுப்புக் கடிதத்தில், காய்ச்சலை 'அப்டெய்ன்' செய்ததால் வகுப்புக்கு வர முடியவில்லை என்று எழுதியிருந்தார். பாடுபட்டுக் காய்ச்சலைப் பெற்றேன் என்று ஆகிவிட்டது. அவர் நான் சொன்னதைத்தான் செய்தார், பிழை என்னுடையது. அன்றிலிருந்து பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

'அப்டெய்ன்' என்றால் முறைப்படி கேட்டு அல்லது முயன்று பெறுவது: அனுமதி, சான்றிதழ், தகவல். 'ரிசீவ்' என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததை வாங்கிக்கொள்வது, நம் முயற்சி பற்றிப் பேச்சே இல்லை: கடிதம், புகார், பரிசு. 'அக்வயர்' என்றால் உடைமையாக்கிக்கொள்வது அல்லது மெல்ல மெல்லச் சேர்வது: ஒரு நிறுவனத்தை, நிலத்தை, திறமையை, மொழியை. 'செக்யூர்' என்றால் போட்டியிலோ நிச்சயமில்லாத நிலையிலோ உறுதிசெய்துகொள்வது, சீட்டு, கடன் போல. 'எர்ன்' என்றால் உழைத்தோ தகுதியாலோ. 'ப்ரொக்யூர்' டெண்டர் உலகத்துச் சொல், பொருட்களைத் தருவிப்பது. இதை மனிதர்களுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், விபசாரத் தரகு என்ற பொருள் அதற்கு உண்டு. 'ஃபெட்ச்' போய் எடுத்து வருவது, ஏலத்தில் விலை போவதற்கும் வரும். காய்ச்சலுக்கு 'கெட்'டே போதும், சளிக்கு வேண்டுமானால் 'கேட்ச்'.

இவற்றில் 'அப்டெய்ன்', 'ரிசீவ்', 'அக்வயர்', 'ப்ரொக்யூர்' எல்லாம் லத்தீனில் கிளைத்தவை, 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றத்திலும் அரசாங்கத்திலும் பிரெஞ்சு கோலோச்சிய காலத்தில் இந்த வகைச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வர வழி திறந்தது. அதனால்தான் இன்றும் அவற்றில் அலுவலக வாடை அடிக்கிறது, 'கெட்' வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. ஒரே பொருளுள்ள சொற்களுக்கு இப்படித் தராதரம் இருப்பது நமக்குத் தெரியாததா? ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றைத் தரும்படி கேட்கும் சொற்கள்தான் என்றாலும், தாழ்ந்தவர் கேட்பது ஈ, சமமானவர் கேட்பது தா, உயர்ந்தவர் கேட்பது கொடு என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கில அகராதியில் பதில் சொல் தேடும்போதும் அதே கண்ணோடு பாருங்கள். யார், யாரிடம், எவ்வளவு முயன்று?

இடைச்சொல் ஒட்டி வருகிற 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் அவே வித்' மாதிரியானவற்றைப் பொருள் பிரித்துப் பார்த்துப் பயனில்லை, முழுச் சொல்லாகவே பழகுங்கள். துக்கத்திலிருந்து மீள்வது, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது, தப்பு செய்தும் மாட்டாமல் போவது என்று ஒவ்வொன்றும் தனிப் பிறவி. போனில் 'ஐ குட்ன்ட் கெட் த்ரூ' என்றால் மட்டும் நேராகத் தமிழ் வந்துவிடும், லைன் கிடைக்கவில்லை.

இனி உங்கள் மின்னஞ்சலைப் படித்துப் பாருங்கள். 'அனுமதி கிடைத்துவிட்டது. சரக்கு ஏன் தாமதமானது என்று எனக்குப் புரியவில்லை. நிலைமை மோசமாவதற்குள் அவர்களிடம் பேசி எப்படியாவது அனுப்ப வைத்துவிட்டு, எனக்குத் தகவல் சொல்லுங்கள்.' மூன்றாவது வாக்கியத்தில் அவர் 'மேக்' போடாமல் 'கெட் தெம் டு' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அவர்களைக் கடிந்துகொள்ளச் சொல்லவில்லை, சம்மதிக்க வைக்கச் சொல்கிறார். அந்தச் சரக்குக்காரர்களுக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதத்திலும் அந்தத் தொனியே இருக்கட்டும். அவருக்குப் போடும் பதிலில், நிறுவனத்தின் பதிவுக்குப் போகிற வரி என்பதால், அனுமதிக்கு மட்டும் 'ரிசீவ்டு' என்று மாற்றிவிட்டு, மற்ற இடங்களில் அவர் எழுதியதுபோலவே 'கெட்' போட்டு எழுதலாம்.